எடுத்து வளர்க்கும் நாயோடு முதன்முறை கூடாரம் போடப் போகிறவர்களுக்கு

ஊரி என் நாய். அவளை யாழ்ப்பாணத்துக் கொடிகாமம் சந்தைக்குப் பின்னால் கண்டெடுத்தேன். பின்னங்காலில் கம்பி இறுகி, காயத்தில் புழு வைத்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாவது வாரமே, நண்பர்கள் மணற்காட்டுக் கடற்கரையில் ஓரிரவு தங்கப்போகிறார்கள் என்றதும் அவளையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். இரவு ஒன்பது மணிக்குத் தொலைவில் எங்கோ வெடி கொளுத்தினார்கள். இரண்டாவது வெடிக்கு அவள் கழுத்துப்பட்டியிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். விடியும்வரை ரோச் லைட்டோடு சவுக்கங்காட்டுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரிந்தோம். அந்தப் பெயரே அவளுக்கு இன்னும் பழகியிருக்கவில்லை. காலையில் வலை இழுக்க வந்த ஐயா ஒருவர்தான் மீனவர் குடிலான வாடிக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்தைக் காட்டினார். அதன் கீழே ஒடுங்கிக் கிடந்தாள்.

ஆறு மாதம் கழித்து அதே கரைக்கு மறுபடி போனோம். அன்று இரவு முழுவதும் என் காலடியில் தூங்கினாள். இந்த இரண்டு இரவுகளுக்கும் நடுவில் நான் படித்துக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாத நாயைச் சாக்கில் கட்டி, வாகனத்தில் ஏற்றி, தெரியாத சந்தையிலோ கடற்கரையிலோ இறக்கிவிட்டு வருவது எங்கள் பக்கத்தில் இன்னும் நடக்கிறது. அப்படி ஒருமுறை இறக்கப்பட்ட நாய்க்கு வாகனமும் நீண்ட பயணமும் அறியாத வெளியும் ஒன்றுசேர்ந்தால் மறுபடியும் கைவிடப் போகிறார்கள் என்றுதான் படும். கீழே சொல்லும் எல்லா ஆயத்தமும் அந்தப் பயத்தைக் கழற்றுவதற்காகவே.

1. நாளைக் குறியுங்கள்

நாய் வீட்டுக்கு வந்து குறைந்தது மூன்று மாதம் ஆகட்டும். கைவிடப்பட்ட நாய்களை வளர்ப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: பயம் தணிய மூன்று நாள், வீட்டு ஒழுங்கு பழக மூன்று வாரம், இது தன் வீடு என்று நம்ப மூன்று மாதம். ஊரிக்கு அதைவிடக் கூடுதலாகவே எடுத்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெயரைச் சொன்னாலும் தலையை நிமிர்த்திப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். பார்க்காவிட்டால் இன்னும் காலம் இருக்கிறது.

பருவத்தைப் பொறுத்தவரை மாசியும் பங்குனியின் முற்பாதியும்தான் எனக்குப் பிடித்த நாட்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. சித்திரை, வைகாசி வெயிலில் நாய்க்குப் பகல் முழுவதும் தண்டனை. ஆனி, ஆடியில் சோளகக் காற்று வீசும்போது கூடாரச் சீலை இரவெல்லாம் சடசடக்கும்; சத்தத்துக்கு அஞ்சும் நாய் ஒரு கண்கூட மூடாது.

அடுத்தது திருவிழாக்கள். நான் இதைப் பார்க்காமல்தான் கெட்டேன். வல்லிபுர ஆழ்வார் கோவிலின் கடல் தீர்த்தம் புரட்டாதியில். செல்வச் சந்நிதி முருகன் கோவில் திருவிழா ஆவணியில். அந்தக் கரைகளில் அப்போது சனமும் வெடியும் நிறைந்திருக்கும். இவை பஞ்சாங்கத்தில் இருக்கும். சிறு கோவில்களின் மடைப் படையலும் தேவாலயங்களின் கொடியேற்றமும் ஊராருக்குத்தான் தெரியும். போகுமுன் அந்த ஊர்க் கடையொன்றில் கேட்டுவிடுங்கள்.

பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்யாவிட்டால், அது சூட்டில் இருக்கும் நாட்களில் போகவே வேண்டாம். கரையில் உள்ள கடுவன்கள் அத்தனையும் கூடாரத்தைச் சுற்றி நிற்கும். கருத்தடை செய்திருந்தால் தையல் ஆற இரண்டு வாரம் விடுங்கள். அதற்குள் கடல்நீரும் மணலும் படக்கூடாது.

2. தடுப்பூசி அட்டையும் பதிவும்

விசர்நோய்த் (ரேபிஸ்) தடுப்பூசி போட்டு நான்கு வாரமாவது கழிந்த பிறகே புறப்படுங்கள். ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது. எங்கிருந்தோ எடுத்த நாய்க்கு முன்பு ஊசி போட்டிருப்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள். அட்டை இல்லையென்றால் ஊசி இல்லை என்றே கொள்ளுங்கள். இயக்கச்சியில் உள்ள சிவபூமி நாய்கள் சரணாலயம் போன்ற இடத்திலிருந்து எடுத்தவர்கள், போட்ட ஊசிகளின் விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

விசர்நோய் ஊசியோடு டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் ஆகிய தொற்றுநோய்களுக்கான ஊசியையும் கேளுங்கள். எலிக்காய்ச்சலை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2024 டிசம்பரில் அது யாழ்ப்பாணத்தில் மனித உயிர்களையே எடுத்தது. தேங்கிய நீரில் இறங்கும் நாயும் அதற்குத் தப்பாது. முதல் ஊசிக்கும் இரண்டாவது ஊசிக்கும் இடையே சில வாரங்கள் விடவேண்டும் என்பதால், மிருக வைத்தியரிடம் போகும் முதல் நாளிலிருந்து பயண நாள்வரை இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாயை உங்கள் பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ பதிவதும் சட்டப்படி கட்டாயம், வருடாவருடம் புதுப்பிக்கவேண்டும். தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோனால் வேலை சுருங்கும். நான் முதல்முறை அட்டையில்லாமல் போய்த் திரும்பிவந்தேன்.

பயணத்தில் பதிவுத்துண்டும் தடுப்பூசி அட்டையும் பொலித்தீன் உறையில் இருக்கட்டும். இரண்டையும் கைபேசியில் படம் எடுங்கள். நாயின் முகம், இரு பக்கம், அடையாளமான மறு அல்லது வடு தெரியும்படியும் படங்கள் வேண்டும். ஊரி தொலைந்த இரவில் என்னிடம் இருந்த ஒரே படம் அவள் சுருண்டு தூங்கும் படம். அதைக் காட்டி எந்த நாயையும் தேடமுடியாது.

3. உண்ணி

சவுக்கங்காடும் பற்றையும் உண்ணிக்கு உகந்த இடங்கள். மென்று தின்னும் உண்ணி மாத்திரையை ஒரு வாரத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அளவு நிறையைப் பொறுத்தது. ஆகவே நாயின் நிறையைப் பார்த்தபின் வாங்குங்கள். ஊரி 14 கிலோ, மாத்திரைக்கு ரூ. 3,200 கொடுத்தேன். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை நாயின் மேல் ஊற்றும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து.

4. கூடாரம் முதலில் வளவுக்குள் வரட்டும்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். எத்தனை அவசரமானாலும் இதைத் தாண்டாதீர்கள்.

முதல் வாரம் கூடாரத்தை விரித்துத் தரையில் போட்டுவையுங்கள். நிமிர்த்தவேண்டாம். நாய் மோந்து பார்க்கட்டும், மேலே படுக்கட்டும். சாப்பாட்டுக் கோப்பையை அதன் ஓரத்தில் வையுங்கள். இரண்டாம் வாரம் வாசல் இரண்டையும் திறந்து கட்டியபடி நிமிர்த்துங்கள். உள்ளே தள்ளவோ இழுக்கவோ கூடாது. நான் ஒவ்வொரு மாலையும் கூடாரத்துக்குள் ஒரு மணி நேரம் இருந்து வாசித்தேன். நான்காம் நாள் தலையை நீட்டினாள்; ஆறாம் நாள் உள்ளே வந்து, நான் உடுத்தும் சாரத்தின் மேல் படுத்தாள். அந்தச் சாரத்தைத் தோய்க்காமலே பயணத்துக்கும் கொண்டுபோனேன். உங்கள் மணம் உள்ள துணி ஒன்று கட்டாயம் வேண்டும்.

மூன்றாம் வாரம் கூடார வாசலின் சிப்பைத் திறந்து மூடிப் பழக்குங்கள். அந்தக் கிறீச் சத்தம் நாய்க்குப் புதிது. ஒரு முறை இழு, ஒரு துண்டு கருவாடு கொடு. திற, இன்னொரு துண்டு. கருவாட்டை ஊறவைத்து உப்பைப் போக்கியபின் கொடுங்கள். நான்காம் வாரம் வளவுக்குள்ளேயே ஓர் இரவு முழுவதும் தங்குங்கள். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும், கோவில் மணி அடிக்கும், மோட்டார் சைக்கிள் போகும். உங்கள் நாய் எதற்கு எழும்புகிறது, எதற்கு நடுங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடற்கரையிலும் அவைதான் உங்களைச் சோதிக்கும். ஓர் இரவு போதாது. மூன்று இரவு அமைதியாகக் கழிந்தால்தான் வெளியே போகலாம் என்று நான் வைத்துக்கொண்டேன்.

வளவில் போடும்போதும் தென்னை, பனைக்கு நேர்கீழே வேண்டாம். காவோலை விழும், ஆவணி, புரட்டாதியில் பனம்பழமும் விழும்.

5. வாகனம்

பஸ்சில் போகலாம் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள். நாயைக் கண்டதும் ஏற்றாமல் போய்விடுவார்கள். ஓட்டோ அல்லது வாடகை வான்தான் வழி. பேசும்போதே நாய் வருகிறது என்று சொல்லிவிடுங்கள். எங்களை ஏற்ற வந்த ஒருவர் படலையடியில் ஊரியைக் கண்டுவிட்டு, பேசிய காசைவிட ரூ. 2,500 கூடுதலாகக் கேட்டார். பொதிகளோடு தெருவில் நின்றுகொண்டு பேரம் பேசமுடியாது. இருக்கைக்குப் பழைய பெட்சீட் விரித்துத் தருவதாகச் சொன்னால் பலர் சம்மதிப்பார்கள். மறுநாள் ஏற்ற வரும் நேரத்தையும் அப்போதே பேசி முடியுங்கள்.

பயணத்துக்கு முன் குறைந்தது ஐந்து சின்னச் சவாரிகள் போகவேண்டும். ஏறு, ஒழுங்கையைச் சுற்று, வீட்டுக்குத் திரும்பு, சாப்பாடு கொடு. பிறகு ஐந்து கிலோமீற்றர் போய்த் திரும்புங்கள். வாகனம் மறுபடியும் வீட்டுக்குத்தான் வரும் என்று நாய் தன் உடம்பால் அறியவேண்டும். சொல்லிப் புரியவைக்கும் விஷயம் அல்ல இது. புறப்படுவதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்தினால் வாந்தி குறையும்.

6. இடம்

கசூரினாவும் சாட்டியும் எல்லோருக்கும் தெரிந்த கரைகள். ஆழம் குறைந்த கடல். அதனாலேயே சனி, ஞாயிறுகளில் குழந்தைகளும் பாட்டுப் பெட்டிகளுமாக நிறைந்திருக்கும். பயந்த நாய்க்கு அவை முதலிடமாக வேண்டாம். உறவினர் யாருக்காவது கடற்கரையை ஒட்டித் தென்னங்காணி இருந்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. வேலி இருக்கும், கிணறு இருக்கும், அனுமதிக்கு அலையவேண்டாம். இரண்டாம் பயணத்தில் நாங்கள் இரவு தங்கியது மணற்காட்டுப் பக்கம் அப்படியொரு காணியில்தான். மாலையும் காலையும் மட்டும் கரைக்கு நடந்தோம்.

பொதுவெளியில் தங்குவதானால் அந்தப் பிரிவின் கிராம சேவையாளரை ஒரு வாரத்துக்கு முன்பே சந்தியுங்கள். யாரிடம் கேட்கவேண்டும், எங்கே கடற்படை முகாம் இருக்கிறது, எந்த நிலம் வன இலாகாவுக்குரியது என்று சொல்வார். அரச அலுவலகங்கள் கிழமை நாட்களில் காலை 8.30 முதல் மாலை 4.15 வரை. வெள்ளி பிற்பகலில் போய்ச் சனிக்கு அனுமதி கேட்காதீர்கள். தங்குபவர்களின் அடையாள அட்டைப் பிரதியும் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு தாளைப் பொலிஸ் நிலையத்தில் கொடுத்து வைத்தால், இரவில் ரோந்து வருபவர்கள் எழுப்பிக் கேள்வி கேட்பது குறையும்.

போகக்கூடாத இடங்கள் இரண்டு வகை. ஒன்று தேசிய பூங்கா. வடமராட்சி கிழக்குத் தெருவில் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் சுண்டிக்குளம் வரும். அது 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தேசிய பூங்காவுக்குள் வளர்ப்பு நாயைக் கொண்டுபோக அனுமதி இல்லை. தரையில் முட்டையிடும் பறவைகள் உள்ள இடம் அது. நாயின் மோப்பத்துக்கு அவை தப்பமாட்டா.

மற்றது, போர்க்காலத்தில் முன்னரங்கு ஓடிய முகமாலை, கிளாலி, நாகர்கோவில் பக்கத்துப் பற்றைகள். மிதிவெடி அகற்றும் வேலை அங்கெல்லாம் ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது. மனிதன் பாதையில் நடப்பான், நாய் தோண்டும். சிவப்புப் பலகையோ மண்டையோட்டுப் படமோ கண்டால் வந்த வழியே திரும்புங்கள். பலகை இல்லாவிட்டாலும் ஊரார் நடக்காத பற்றைக்குள் நாயை விடாதீர்கள். துருப்பிடித்த எதையாவது தோண்டி எடுத்தால் தொடாமல் விலகி 119க்கு அழையுங்கள்.

7. செலவும் பையும்

நான்கு பேர் கூடாரம், பாவித்தது, ரூ. 9,000. நெஞ்சுப்பட்டி ரூ. 1,800. கூலிவாகனம் போக வர ரூ. 12,000, நான்கு பேர் பங்கிட்டோம். கூடாரத்தில் மிச்சம் பிடிக்கலாம். தறப்பாளும் கயிறும் இருந்தாலே ஓரிரவு கழியும். நெஞ்சுப்பட்டியில் மிச்சம் பிடிக்காதீர்கள். கழுத்துப்பட்டி பயந்த நாயின் தலையில் உருவிக்கொண்டு வந்துவிடும். நெஞ்சையும் முன்னங்கால்களையும் சுற்றிப் பிடிக்கும் பட்டியை வாங்கி, இரண்டு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். கழுத்துப்பட்டியும் இருக்கட்டும், அதில் அழியாத மையால் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதுங்கள். இரும்புச் சங்கிலி வெயிலில் சுடும். ஐந்து மீற்றர் நைலோன் கயிறு நல்லது.

தண்ணீர் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 60 மில்லிலீற்றர் என்பது சாதாரணக் கணக்கு. வெயிலில் அதை இரட்டிப்பாக்குங்கள். 14 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 1.7 லீற்றர். வீட்டுக் கிணற்று நீரையே போத்தல்களில் கொண்டுபோங்கள். கரையோரக் கிணறுகள் பல உவர். இவற்றோடு நாய் வழக்கமாகச் சாப்பிடும் சோறு அல்லது பிஸ்கட், இரண்டு உரப்பை, ரோச் லைட், சவர்க்காரம், பஞ்சு, உண்ணிக் குறடு, மலம் அள்ளப் பொலித்தீன் பை. அள்ளியதைக் கரையில் புதைக்கவேண்டாம். அந்த மணலில்தான் வலையும் கருவாடும் காயவைக்கிறார்கள்.

8. இறங்கியதும்

நான்கு மணிக்குப் போய்ச் சேருங்கள். வெயில் தணிந்திருக்கும், இருட்ட இரண்டு மணி நேரம் இருக்கும். நாயை இறக்குமுன் மணலில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுங்கள். கை பொறுக்காவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது.

வாகனத்தின் கதவைத் திறக்குமுன் கயிறு நெஞ்சுப்பட்டியில் பூட்டியிருக்கவேண்டும். நாய் அதிகம் தொலைவது அந்தக் கணத்தில்தான். ஓட்டுநர் தானாகக் கதவைத் திறக்காமலிருக்க முன்கூட்டியே சொல்லுங்கள். இறங்கியபின் வாகனம் உடனே திரும்பிப் போகக்கூடாது. பத்து நிமிடம் நிற்கட்டும், நீங்கள் நாயோடு அதைச் சுற்றி நடங்கள். வாகனம் போகும்போது நீங்கள் அருகில் நிற்பதை நாய் காணவேண்டும். கைவிடப்பட்ட நாய்க்கு இது மிகப் பெரிய பாடம்.

வாடிகளிலிருந்து தள்ளி இடம் பாருங்கள். ஒவ்வொரு வாடிக்கும் நாய்கள் உண்டு. அது அவற்றின் எல்லை. போனவுடன் வாடிக்காரரிடம் நாமே போய் வணக்கம் சொல்லி, நாயைக் காட்டி, எந்தப் பக்கம் தங்கலாம் என்று கேட்டால், அவர்கள் தங்கள் நாய்களை அதட்டி வைப்பார்கள். நாய் தொலைந்தால் முதலில் காண்பவர்களும் அவர்கள்தான்.

மணலில் கூடார ஆணி நிற்காது. உரப்பையில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதையுங்கள். நாயைக் கூடாரக் கம்பில் கட்டாதீர்கள். ஒரு பாய்ச்சலில் கூடாரத்தோடு போய்விடும். மரத்தில் கட்டுங்கள். கண்காணிக்க ஆளில்லாமல் கட்டிவிட்டுக் கடலில் குளிக்கப் போகாதீர்கள்.

9. சமையலும் இரவும்

கடற்கரை என்றால் எங்களுக்குக் கூழ் காய்ச்சாமல் முடியாது. நண்டு ஓடும் மீன்முள்ளும் நாய்க்கு எட்டாத வாளியில், மூடியோடு. வெந்த கோழி எலும்பும் கூடாது. பிளந்து குடலில் குத்தும். வெங்காயம் சேர்ந்த எதுவும் வேண்டாம். நாய்க்கு வீட்டுச் சாப்பாடே, வீட்டில் கொடுக்கும் நேரத்திலேயே. புதிய இடத்தில் சாப்பிடாவிட்டால் வற்புறுத்தாதீர்கள், தண்ணீர் குடித்தால் போதும்.

வலையிலிருந்து கழித்துப் போடும் பேத்தை மீன் கரையில் கிடக்கும். அதன் நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. கரையில் நடக்கும்போது கயிறு குட்டையாக இருக்கட்டும். கண் மணலில் இருக்கட்டும். தூண்டில் முள், திருக்கை முள் எல்லாம் இதே மணலில்தான்.

இருட்டியபின் நாயை அவிழ்க்கவே கூடாது, எத்தனை நல்ல நாயானாலும். எட்டு மணிக்கு ஒருமுறை, படுக்கப்போகுமுன் ஒருமுறை ரோச் லைட்டோடு வெளியே கொண்டுபோங்கள். எங்கள் மணல் நிலத்தில் சுருட்டை விரியன் உண்டு, இரவில்தான் ஊரும். கூடாரத்துக்குள் கயிற்றின் மறுமுனை உங்கள் கைமணிக்கட்டில் இருக்கட்டும். வெடி கேட்டால் கட்டிப்பிடித்து அமுக்காமல், பக்கத்தில் சாய்ந்திருந்து வழக்கமான குரலில் பேசுங்கள்.

10. கெட்டது நடந்தால்

நாய் ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். ஊரி ஓடிய இரவில் கத்திக் கூப்பிட்டுக்கொண்டு நாலு பேர் நாலு பக்கம் ஓடினோம். அவளுக்கு அது வேட்டையாகத்தான் தெரிந்திருக்கும். ஒருவர் கடைசியாகக் கண்ட இடத்திலேயே உட்காரட்டும். கூடாரத்தைக் கழற்றாதீர்கள், உங்கள் துணியையும் தண்ணீரையும் வாசலில் வையுங்கள். விடியற்காலை அமைதியில் மறுபடி தேடுங்கள், கவிழ்த்த வள்ளங்களின் கீழும் பாருங்கள்.

நாக்கு தொங்கி, வேகமாக மூச்சிரைத்து, தள்ளாடினால் வெயில் தாக்கம். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிராபத்து. நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், அதன்பின் வைத்தியரிடம்.

வாடி நாய் உங்கள் நாயைக் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, மறுநாளே மிருக வைத்தியரிடம் அட்டையோடு போங்கள். உங்களைக் கடித்தால் 15 நிமிடம் ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவிவிட்டு நேரே அரச வைத்தியசாலை. வடமராட்சிப் பக்கம் என்றால் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை. இலவச அம்புலன்ஸ் எண் 1990. அது மனிதருக்கு மட்டும். நாய்க்கு இரவில் யார் வருவார்கள் என்பதை உங்கள் மிருக வைத்தியரிடம் புறப்படுமுன் கேட்டு, எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். கரையில் சில இடங்களில் கைபேசி அலைவரிசை கிடைக்காது. கிடைக்கும் இடத்தைப் பகலிலேயே பார்த்து வையுங்கள்.

11. வீடு வந்தபின்

நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, காது, விரலிடுக்கு, வால் அடி எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணியைக் குறடால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊற்றாதீர்கள். அடுத்த மூன்று வாரம் கவனித்துக்கொண்டே இருங்கள். காய்ச்சல், சாப்பிட மறுப்பு, வெளிறிய பல்முரசு, கறுத்த சிறுநீர், மூக்கால் இரத்தம், இவற்றில் ஒன்று கண்டாலும் கடற்கரைக்குப் போய்வந்த தேதியைச் சொல்லி வைத்தியரிடம் காட்டுங்கள். அந்தத் தேதியை நான் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் குறித்து வைக்கிறேன்.